புள்ளியியல், கணித மாதிரியாக்கப் பாடநூல்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புள்ளியியல் படிக்கத் தொடங்குபவர்கள் பாடநூல் பற்றிக் கேட்கும் ஐயங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. என் காதில் திரும்பத் திரும்ப விழுந்தவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சிறந்த நூல்களின் பட்டியலை இதில் தேட வேண்டாம். கையில் எடுத்த நூல் தமக்கு ஏற்றதுதானா என்பதை எவரும் தாமே சோதித்துப் பார்க்கும் வழிகளையே எழுதியிருக்கிறேன்.

தொடங்குமுன் சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் 'மாதிரி' என்ற சொல், முழுமைத் தொகுதியிலிருந்து எடுக்கும் சிறு பகுதிக்கும் வழங்குகிறது, ஒரு நிகழ்வைச் சமன்பாட்டில் வடிப்பதற்கும் வழங்குகிறது. இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் குழப்பம் நேரும் என்பதால், முதலாவதைக் 'கூறு' என்றும் இரண்டாவதை மட்டும் 'மாதிரி' என்றும் எழுதுகிறேன்.

நிகழ்தகவு, புள்ளியியல், மாதிரியாக்கம் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதானே? எதை முதலில் எடுப்பது?

ஒரு பெட்டியில் கறுப்பும் வெள்ளையுமாக மணிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிறம் எத்தனை என்று தெரிந்திருக்கும்போது, கைவிட்டு எடுக்கும் பத்து மணிகள் எப்படி அமையக்கூடும் என்று கணக்கிடுவது நிகழ்தகவு. எடுத்த பத்து மணிகள் மட்டும் கண்முன் இருக்கும்போது, பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று மதிப்பிடுவதும், அந்த மதிப்பீடு எவ்வளவு பிசகக்கூடும் என்று சொல்வதும் புள்ளியியல். பெட்டிக்குள் மணிகள் நாளுக்கு நாள் கூடிக் குறைவதற்கு ஒரு விதியைக் கருதிக்கொண்டு, அதைச் சமன்பாடாக எழுதி, அடுத்த மாதம் என்ன ஆகும் என்று பார்ப்பது மாதிரியாக்கம்.

ஆகவே நிகழ்தகவின் முதல் நான்கைந்து அத்தியாயங்களை முடித்துவிட்டுப் புள்ளியியலுக்குப் போவதே இயல்பான வரிசை. மாதிரியாக்கம் வேறு வாசல் வழியாக நுழைவது. வகைக்கெழுச் சமன்பாடுகள் கைவரப் பெற்றவர் அதை இணையாகவே தொடங்கலாம்.

எனக்குக் கணிதம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? பள்ளிக் கணக்கோடு விட்டவன் படிக்க முடியுமா?

முடியும். ஆனால் எந்த நூலை எடுக்கிறீர்கள் என்பது அதைப் பொறுத்தே அமையும். புள்ளியியல் நூல்களை மூன்று படிகளாகப் பிரிக்கலாம். முதல் படி பள்ளி இயற்கணிதத்தோடு நின்றுவிடும். இரண்டாம் படிக்கு வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், அணிகள் ஆகியவை வேண்டும். மூன்றாம் படி, நிகழ்தகவுக்கு அடித்தளமான உயர்கணிதப் பகுதியாகிய அளவைக் கோட்பாட்டை எதிர்பார்க்கும். ஆய்வு மாணவர்கள் தவிர மற்றவர்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

அட்டையில் 'அறிமுகம்' என்று போட்டிருப்பதை வைத்துப் படியை முடிவு செய்யாதீர்கள். அந்தச் சொல் மூன்று படிகளிலும் வருகிறது. முன்னுரையில் யாருக்காக எழுதப்பட்டது என்ற பத்தியைப் படித்துவிட்டு, நூலின் நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். முதல் அத்தியாயம் எல்லா நூல்களிலும் எளிதாகத்தான் இருக்கும். ஒரு துறைக்கு இரண்டு படிகளில் நூல் தேவைப்படும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஹேஸ்டி, டிப்ஷிரானி, ஃபிரீட்மேன் மூவரும் 2001இல் வெளியிட்ட 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டாட்டிஸ்டிகல் லேர்னிங்' முதுநிலைக் கணிதப் பயிற்சி உள்ளவர்களுக்கானது. அந்த மூவரில் இருவர் வேறு இருவரோடு சேர்ந்து, அதே பொருளைக் கணிதச் சுமை குறைத்து, 2013இல் இன்னொரு நூலாக எழுதினார்கள். எளிய நூலைப் படிப்பது தாழ்வு என்று அந்த ஆசிரியர்கள் நினைத்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

ஒரு நூல் நம்பத் தகுந்ததா என்று கால் மணி நேரத்தில் கண்டுபிடிக்க முடியுமா?

பெருமளவு முடியும். நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவைத் திறந்து, 'பி-மதிப்பு', 'நம்பிக்கை இடைவெளி' என்ற இரண்டு சொற்கள் வரும் பக்கங்களைக் கண்டுபிடியுங்கள். பி-மதிப்பு என்பது, இன்மைக் கருதுகோள் (விளைவோ வேறுபாடோ எதுவும் இல்லை என்ற அனுமானம்) உண்மை என்று வைத்துக்கொண்டால், நாம் கண்ட அளவுக்கோ அதைவிடக் கூடுதலாகவோ விலகிய முடிவு கிடைப்பதற்கான நிகழ்தகவு. 'இன்மைக் கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு' என்று ஒரு நூல் எழுதியிருந்தால், அதை அங்கேயே மூடி வைத்துவிடலாம். இரண்டு வாக்கியங்களும் காதுக்கு ஒன்றுபோல ஒலித்தாலும் பொருள் முற்றிலும் வேறு.

ஒரு காசைப் பத்து முறை சுண்டுகிறோம். ஒன்பது முறை தலை விழுகிறது. காசு நேர்மையானது என்று கொண்டால், ஒன்பதோ பத்தோ தலை விழ 1,024இல் 11 வாய்ப்புகள். பூவுக்கும் அதே அளவு. ஆக 22ஐ 1,024ஆல் வகுக்க, பி-மதிப்பு ஏறத்தாழ 0.021. 'காசு நேர்மையானதாக இருக்க இரண்டு விழுக்காடு வாய்ப்புதான் உண்டு' என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. அந்தக் காசு இப்போதுதான் சட்டைப் பையிலிருந்து எடுத்த சாதாரணக் காசு என்றால், அது இன்னமும் நேர்மையானது என்றே நம்ப நமக்கு நிறையக் காரணம் உண்டு. அந்த முன்னறிவு எதுவும் 0.021 என்ற எண்ணுக்குள் இல்லை. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தப் பிழையைத் தனியாகக் குறிப்பிட்டு எச்சரித்தது. அப்படி எச்சரிக்க வேண்டிய அளவுக்கு அது பரவியிருந்தது.

நம்பிக்கை இடைவெளியும் அப்படித்தான். மீண்டும் மீண்டும் கூறெடுத்து அதே முறையில் இடைவெளிகளைக் கணக்கிட்டால், நூற்றில் ஏறத்தாழ 95 இடைவெளிகள் உண்மை மதிப்பை உள்ளடக்கும் என்பதே 95 விழுக்காட்டின் பொருள். இதைச் சரியாகச் சொல்வதோடு, 'கையில் உள்ள இந்த ஓர் இடைவெளிக்குள் உண்மை மதிப்பு இருக்க 95 விழுக்காடு வாய்ப்பு' என்ற வழக்கமான விளக்கம் ஏன் தவறு என்றும் எடுத்துக்காட்டும் நூலை நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன். இந்த இரண்டு இடங்களில் கவனமாக இருந்த ஆசிரியர் மற்ற இடங்களிலும் கவனமாக இருந்ததையே கண்டிருக்கிறேன்.

சூத்திரங்கள் தெளிவாக இருந்தால் போதாதா? பக்கத்துக்குப் பக்கம் வரைபடம் எதற்கு?

ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கம் 1973இல் நான்கு சிறு தரவுத் தொகுதிகளை உருவாக்கிக் காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் ஒரு மாறியின் சராசரி 9, மற்றதன் சராசரி 7.5; இரண்டும் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.816, பொருத்தப்படும் நேர்கோடும் ஒன்றே. தாளில் வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைவு, ஒன்று நேர்கோட்டை விட்டு ஒரே ஒரு புள்ளி விலகியது, மற்றொன்றில் பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்தில் நிற்க, தனியே தள்ளி நிற்கும் பதினோராவது புள்ளி மட்டுமே கோட்டின் சாய்வைத் தீர்மானிக்கிறது.

ஆகவே தொடர்புப் போக்கு (புள்ளிகளுக்குக் கோடு பொருத்தும் முறை) பற்றிய அத்தியாயத்தைத் திறந்து, சூத்திரத்துக்கு முன்னால் சிதறல் படமும் சூத்திரத்துக்குப் பின்னால் எச்சங்களின் (புள்ளிகள் கோட்டிலிருந்து விலகும் அளவுகளின்) படமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எச்சங்களை வரைந்து பார்க்கச் சொல்லாத நூல், கணக்கிடக் கற்றுத் தருமே தவிர, கணக்கு பொருந்தாத இடத்தை அடையாளம் காணக் கற்றுத் தராது.

பயிற்சிக் கணக்குகளுக்கு விடை இல்லாத நூலை வாங்கலாமா?

தனியாகப் படிப்பவர் வாங்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் முழு விடை தேவையில்லை. ஒற்றைப்படை எண் கணக்குகளுக்கு மட்டும் இறுதி விடை இருந்தாலே போதும். வகுப்பில் ஆசிரியரோடு படிப்பவருக்கு இது பெரிய குறையாக இராது.

விடை உள்ளதா என்பதைவிடக் கணக்குகளின் தன்மை முக்கியம். 'பின்வரும் எண்களின் திட்டவிலக்கம் காண்க' என்பது போன்றவையே நிறைந்திருந்தால், கணினி செய்யும் வேலைக்கு உங்களைப் பழக்குகிறார்கள். எந்த முறையைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லாமல் ஒரு சூழலை மட்டும் தந்து, முறையை நீங்களே தேர்ந்தெடுக்கச் சொல்லும் கணக்குகள் சில இருந்தாலே அந்த நூல் மதிப்புள்ளது. உங்கள் தகுதிக்கு நூல் பொருந்துகிறதா என்பதற்கும் இதுவே அளவுகோல்: ஓர் அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் அதன் கணக்குகளில் ஏறத்தாழப் பாதியை முயன்று செய்ய முடிய வேண்டும். எல்லாமே எளிதாக வந்தால் அடுத்த படி நூலுக்குப் போகலாம். எதுவுமே வரவில்லை என்றால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும்.

ஒரே அளவைக்கு இரண்டு நூல்களில் வேறு வேறு விடை வருகிறது. எந்த நூல் தவறு?

பெரும்பாலும் இரண்டுமே சரி, மரபுதான் வேறு. 2, 4, 6 என்ற மூன்று எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 4, விலக்கங்களின் வர்க்கக் கூடுதல் 8. அதை மூன்றால் வகுத்தால் பரவற்படி 2.67. ஒன்றைக் குறைத்து இரண்டால் வகுத்தால் 4. இருக்கும் எண்களை மட்டும் விவரிக்கும்போது முதலாவது. அவற்றைக் கூறாகக் கொண்டு முழுமைத் தொகுதியை மதிப்பிடும்போது இரண்டாவது. மென்பொருள்களிலும் இதே வேறுபாடு உண்டு. பைத்தானின் நம்பை தொகுப்பு, நாம் எதையும் குறிப்பிடாவிட்டால், மூன்றால் வகுக்கும். பாண்டாஸ் தொகுப்பும் ஆர் மொழியும் இரண்டால் வகுக்கும்.

இன்னும் ஆபத்தானது குறியீட்டு வேறுபாடு. இயல்நிலைப் பரவலை அடைப்புக்குறிக்குள் 10, 4 என்று எழுதினால், 10 சராசரி; அந்த 4 சில நூல்களில் பரவற்படி, சில நூல்களில் பரவற்படியின் வர்க்கமூலமான திட்டவிலக்கம். முதல் பொருளில் 95 விழுக்காடு மதிப்புகள் ஏறத்தாழ 6 முதல் 14 வரை அமையும். இரண்டாவது பொருளில் 2 முதல் 18 வரை. காமா பரவலின் இரண்டாவது அளவுரு சில நூல்களில் வீதம், சில நூல்களில் அதன் தலைகீழி. பெருக்குப் பரவலில் சில ஆசிரியர்கள் முதல் வெற்றி வரையிலான மொத்த முயற்சிகளை எண்ணுகிறார்கள். சிலர் அதற்கு முந்தைய தோல்விகளை மட்டும் எண்ணுகிறார்கள். குறியீட்டுப் பட்டியலை முதலிலேயே தனிப் பக்கத்தில் தரும் நூலுக்கு என் மதிப்பீட்டில் எப்போதும் கூடுதல் இடம் உண்டு.

பழைய நூல்கள் படிக்கலாமா, புதிய பதிப்புதான் வேண்டுமா?

நிகழ்தகவுக் கோட்பாடு எளிதில் பழையதாவதில்லை. வில்லியம் ஃபெல்லர் 1950இல் வெளியிட்ட நிகழ்தகவு நூலின் முதல் தொகுதியை இன்றும் தயங்காமல் கையில் எடுக்கலாம். நாணயம் சுண்டுவதில் முன்னிலை வகிப்பவர் எவ்வளவு அரிதாக மாறுகிறார் என்று அவர் காட்டும் பகுதியைப் படித்தவர் எவரும் எளிதில் மறக்க மாட்டார்.

புள்ளியியல் முறைகளில் நிலைமை வேறு. ரொனால்ட் ஃபிஷரின் 1925ஆம் ஆண்டு நூல், பி-மதிப்பு 0.05க்குக் கீழே இருந்தால் முடிவு கவனிக்கத்தக்கது என்ற ஐந்து விழுக்காட்டு வரம்பைப் பரப்பியது. அன்று ஆய்வாளர் கையில் இருந்தவை அச்சிட்ட அட்டவணைகளும் கைக்கணக்கும்தான். பின்னால் வந்த எத்தனையோ பாடநூல்கள் அந்த வரம்பை விதியாகவே எழுதிவிட்டன. பிராட்லி எஃப்ரான் 1979இல் முன்வைத்த பூட்ஸ்ட்ராப் முறையில், கையில் உள்ள கூறிலிருந்தே ஆயிரக்கணக்கான முறை மறுகூறெடுத்துத் திட்டப்பிழையை (மதிப்பீடு கூறுக்குக் கூறு எவ்வளவு மாறும் என்ற அளவை) மதிப்பிடலாம். கணினி வந்தபின் பாடத்தின் நடுவுக்கு வந்துவிட்ட இத்தகைய முறைகள் பழைய நூல்களில் இல்லை. ஆகவே கோட்பாட்டுக்குப் பழையது, செய்முறைக்குப் புதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பதிப்பானாலும் ஆசிரியர் வெளியிட்ட பிழைத்திருத்தப் பட்டியல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நீளமான பிழைத்திருத்தப் பட்டியலை ஒரு குறையாகவே நான் கொள்வதில்லை. அந்த நூலைப் பலர் ஊன்றிப் படித்திருக்கிறார்கள் என்பதன் அடையாளம் அது.

ஆர் மொழியில் எழுதிய நூலா, பைத்தானில் எழுதிய நூலா?

உங்களோடு படிப்பவர்களும் பணிபுரிபவர்களும் பயன்படுத்துவதை எடுங்கள். ஐயம் வரும்போது கேட்க ஆள் இருப்பார்கள். இரண்டாம் கேள்வியில் சொன்ன 2013ஆம் ஆண்டு நூல் ஆர் மொழியில் வந்தது. 2023இல் அதுவே பைத்தான் பதிப்பாகவும் வந்தது. செய்முறைப் பகுதிகளை மாற்றி எழுதினார்கள். பாடம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

இலவசமாகக் கிடைக்கும் நூல்கள் தரம் குறைந்தவையா?

இல்லை. மேலே சொன்ன 2001, 2013ஆம் ஆண்டு நூல்கள் இரண்டையும் அவற்றின் ஆசிரியர்களே மின்னூலாக இலவசமாகத் தருகிறார்கள். மூன்றாம் கேள்வியின் சோதனையை விலை கொடுத்த நூலுக்கும் இலவச நூலுக்கும் ஒன்றுபோலவே வையுங்கள்.

பேய்ஸ் வழியில் தொடங்கலாமா, வழக்கமான வழியை முடித்துவிட்டுப் போகலாமா?

காசு எடுத்துக்காட்டில், 'இந்தக் காசு நேர்மையானதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?' என்ற கேள்விக்குப் பி-மதிப்பு விடை தரவில்லை என்று பார்த்தோம். அந்தக் கேள்விக்கு நேராக விடை தேடுவது பேய்ஸ் வழி. அதற்கு விலையாக, தரவைப் பார்க்கும் முன் உங்களுக்கு இருந்த நம்பிக்கையை ஒரு பரவலாக எழுதியாக வேண்டும்; அதுவே முன்பரவல். தாமஸ் பேய்ஸின் கட்டுரை 1763இல், அவர் மறைவுக்குப் பின் வெளியானது. கணினி இல்லாத காலத்தில் கணக்கிடுவது கடினமாக இருந்ததால் பாடநூல்களில் அது பரவலாக இடம்பெற நெடுங்காலம் ஆயிற்று.

தொடக்கமாகவே அதை எடுப்பதில் தவறில்லை. ஆனால் வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துப் புரிந்துகொள்ள வழக்கமான வழியின் மொழி தேவைப்படும் என்பதால், என்றேனும் இரண்டும் வேண்டியிருக்கும். நூலைத் தேர்ந்தெடுக்கும்போது, முன்பரவலை மாற்றினால் முடிவு எவ்வளவு மாறுகிறது என்று அது செய்து காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாதிரியாக்க நூலைத் திறந்தால் சமன்பாடுகளாகவே இருக்கின்றன. நல்லதை எப்படி அடையாளம் காண்பது?

ஏறக்குறைய எல்லா நூல்களிலும் இருக்கும் ஓர் எடுத்துக்காட்டை எடுத்து ஒப்பிடுங்கள். கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் 1927இல் எழுதிய தொற்றுநோய் மாதிரி அதற்குப் பொருத்தமானது. மக்களை நோய் வரக்கூடியவர், நோயுற்றவர், மீண்டவர் என்று மூன்று அறைகளாகப் பிரித்து, ஓர் அறையிலிருந்து அடுத்ததற்கு எந்த வேகத்தில் போகிறார்கள் என்று எழுதுவதே அதன் எளிய வடிவம். முதலில், அனுமானங்களை நூல் வெளிப்படையாக எழுதுகிறதா என்று பாருங்கள்: எல்லாரும் எல்லாரோடும் சம அளவில் கலக்கிறார்கள், மீண்டவருக்கு மறுபடி வராது, பிறப்பு இறப்புக் கணக்கில் இல்லை. அடுத்து, அலகுகள். நோய் சராசரியாக ஐந்து நாள் நீடித்தால் மீளும் வீதம் நாளொன்றுக்கு 0.2, பரவும் வீதம் நாளொன்றுக்கு 0.4 என்றால், இரண்டையும் வகுக்க அலகில்லாத 2 கிடைக்கிறது. தொடக்கத்தில் ஒருவர் சராசரியாக இருவருக்குத் தொற்றுகிறார் என்பது அதன் பொருள். இந்த அலகுக் கணக்கைச் செய்யாமல் தாண்டிப் போகும் நூல் அடிப்படையையே விட்டுவிடுகிறது.

மூன்றாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த எண் 2 ஆக இருக்கும்போது, நோய் வரக்கூடியவர்கள் பாதியாகக் குறைந்ததும் நோயுற்றோர் எண்ணிக்கை உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும். ஆனால் நோய் முழுவதும் அடங்கும்போது பார்த்தால், ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு வந்து போயிருக்கும். பாதியில் இறங்கத் தொடங்கியது எப்படி 80 வரை போனது? உச்சத்தில் ஏற்கெனவே நோயுற்றிருப்பவர்கள், குறைந்த வேகத்திலானாலும், தொடர்ந்து பரப்பிக்கொண்டிருப்பதால்தான். இந்த இடத்தில் நின்று விளக்கும் ஆசிரியர் மாதிரியைப் புரிந்து எழுதியவர். சமன்பாட்டைத் தீர்த்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகிறவர், படிப்பவருக்கு வரும் கேள்வியை எண்ணிப் பார்க்காதவர். கடைசியாக, மாதிரியை உண்மைத் தரவோடு ஒப்பிட்டு, எந்த அனுமானம் உடைந்தால் முடிவு எவ்வளவு மாறும் என்று ஓரிடத்திலாவது நூல் காட்ட வேண்டும்.

சான்றுகளைத் தாண்டிப் படிக்கலாமா?

முதல் வாசிப்பில் தாண்டலாம். தேற்றத்தின் நிபந்தனைகளைத் தாண்டக் கூடாது. கூறு பெரிதாகும்போது அதன் சராசரியின் பரவல் இயல்நிலைப் பரவலை நெருங்கும் என்று சொல்லும் மைய எல்லைத் தேற்றத்தின் சான்று தெரியாதவரும் தரவை நன்றாகப் பகுப்பாய முடியும். பரவற்படி முடிவுள்ளதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தெரியாதவர், அது பொருந்தாத கோஷி பரவலிலும் சராசரி எடுத்துக்கொண்டே இருப்பார். எத்தனை தரவு சேர்த்தாலும் அந்தச் சராசரி ஓரிடத்தில் நிலைகொள்ளாது. 'கூறின் அளவு 30ஐத் தாண்டினால் போதும்' என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளும் நூல்களிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வது இதனால்தான்.

ஒரு நூல் புரியவில்லை என்றால் உடனே வேறொன்றுக்கு மாறலாமா? எத்தனை நூல் வைத்துக்கொள்வது?

முதன்மையாக ஒன்று, துணைக்கு ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். துணை நூல் முதன்மை நூலைவிட ஒரு படி எளிதாக இருப்பது நல்லது.

மாறுவதற்கு முன், எந்த வரியில் நின்றுவிட்டீர்கள் என்று விரல் வைத்துக் காட்டிப் பாருங்கள். நான் மாணவனாக இருந்தபோது ஒரு முதுநிலை நூலின் இரண்டாம் அத்தியாயத்திலேயே, சமவாய்ப்பு மாறிகளை உருமாற்றும் பகுதியில், நின்றுவிட்டேன். நூல் சரியில்லை என்று முடிவு செய்து இன்னும் இரண்டு நூல்களைத் தேடி எடுத்தேன். அவற்றிலும் அதே இடத்தில் நின்றேன். பல மாறிகளில் தொகையிடும்போது மாறிகளை மாற்றும் முறை எனக்குச் சரிவரத் தெரியாது என்பது அப்போதுதான் விளங்கியது. நுண்கணித நூலுக்குத் திரும்பி அந்த ஓர் அத்தியாயத்தைப் படித்துவிட்டு வந்ததும் முதல் நூலே வழிவிட்டது. நின்ற இடம் முன்தேவையில் இருந்தால் நூலை மாற்றிப் பயனில்லை. முன்தேவை எல்லாம் இருந்தும் ஆசிரியர் இடையில் படிகளை விழுங்கிவிடுவதால் தடுமாறினால், தயங்காமல் மாறுங்கள்.

முன்கணிப்பு நூல்களை நன்றாகப் படித்துவிட்டேன். எது எதற்குக் காரணம் என்று கண்டறிய அதுவே போதுமா?

போதாது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973ஆம் ஆண்டு முதுநிலைச் சேர்க்கையில், விண்ணப்பித்த ஆண்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பெண்களுக்குப் பாதகமான அந்தப் போக்கு பெரும்பாலும் மறைந்தது. இடம் கிடைப்பது யாருக்குமே கடினமான துறைகளுக்குப் பெண்கள் கூடுதலாக விண்ணப்பித்திருந்தார்கள். பிக்கலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1975இல் வெளியிட்ட இந்த ஆய்வு, மொத்தத்தில் தெரியும் போக்கு, பிரித்துப் பார்த்தால் மறையும் அல்லது தலைகீழாகும் சிம்ப்சன் முரணுக்குப் பல பாடநூல்களில் எடுத்துக்காட்டாக இடம்பெறுகிறது.

துறையைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா, கூடாதா என்பதை எந்தத் தரவுப் பொருத்தமும் தானாகச் சொல்லாது. நாம் கேட்கும் கேள்வியும், எது எதற்கு முன்னால் நிகழ்ந்தது என்ற அறிவுமே அதைச் சொல்லும். காரண ஆய்வுக்கென நூல் தேடுபவர், அதன் சொல்லடைவில் 'குழப்பும் மாறி' (காரணம், விளைவு இரண்டையும் பாதிக்கும் மாறி) என்ற கருத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்துக்குப் போய், எந்த மாறியைச் சேர்க்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கிறதா, எதைச் சேர்த்தால் முடிவு கெடும் என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விளைவுக்குப் பின்னால் வரும் மாறி ஒன்றைச் சேர்த்து, இல்லாத தொடர்பு எப்படித் தோன்றுகிறது என்று எண்களோடு காட்டும் நூலை எடுத்துக்கொள்ளுங்கள்.